வளைந்த புத்தகங்கள்

அத்தியாயம் 6

கண்ணாடி அலுமாரிக்குள் இருந்த புத்தகங்களில் ஒன்றுகூட நேராக நிற்கவில்லை. கூன் விழுந்தவர்கள் பென்ஷன் வரிசையில் நிற்பது போல ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்துகொண்டு நின்றன. ஜீவராணி அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் பிரதாப் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார்.

"எண்பத்துமூணு கலவரத்துல நம்ம லிண்டோர் லைப்ரரி எரிஞ்சப்போ மிஞ்சுனது இது மட்டுந்தான் மிஸ். அப்ப எங்க அப்பா சிவசாமிதான் லைப்ரரி கமிட்டித் தலைவர். கொழும்பு எரியுதுன்னு காதுல விழுந்த ஒடனே தன்னோட லொறியக் கொண்டாந்து, டீப்பெட்டியில அடுக்கி, ஏத்திட்டுப் போயி காப்பாத்துனாரு. ஞாயித்துக்கிழமை புதுக் கட்டடம் தெறக்குறோம். மண்டபத்துக்கு அப்பா பேருதான்."

"இப்ப கமிட்டித் தலைவர் யாரு?" என்றான் கிஷாந்த், தெரியாதவன் மாதிரி.

"நான்தான்."

"சரிதான். தலைவர் பதவியும் அந்த லொறியிலயே ஏறி வந்துருச்சு போல."

பிரதாப் அதைக் காதில் வாங்காதது போல் சட்டைக் கையை மடித்துக்கொண்டார்.

ஹட்டனில் மருந்துக்கடைக்கு மேல்மாடியில் ஜீவராணியின் அலுவலகம். பலகையில் 'துப்பறியும் நிலையம்' என்று எழுதியிருந்தது. வந்த வேலையில் முக்கால்வாசி மாப்பிள்ளை விசாரணை. தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்து, பேராதனையில் வரலாறு படித்துப் பட்டத்தோடு வெளியே வந்து, வேலை கேட்டுப் போன இடத்திலெல்லாம் "எந்தத் தோட்டம்?" என்று முதல் கேள்வி கேட்டவர்களைப் பார்த்துப் பார்த்துக் கசந்துபோய், கேள்வி கேட்கிற வேலையைத் தானே எடுத்துக்கொண்டவள் அவள். கிஷாந்த் ஓட்டோக்காரன். முதலில் வாடகைக்கு வந்தான். பிறகு வாயோடு சேர்ந்து நிரந்தரமாகிவிட்டான்.

இந்த வழக்கைக் கொண்டுவந்தவள் நூலகத்தின் வாசலில், கையில் தூசித் துணியோடு நின்றுகொண்டிருந்தாள். நாகலெட்சுமி. நாற்பத்தைந்து வயது. இந்த நூலகத்தில் பெருக்கி, துடைத்து, அடுக்கி, வருகிறவர்களுக்குப் புத்தகம் எடுத்துக்கொடுக்கும் உதவியாளர். எரிந்த நூலகத்துக்குக் காவலாளியாக இருந்த அழகுமுத்துவின் மகள்.

ஞாயிற்றுக்கிழமை வெளியிடப்போகும் 'லிண்டோர் பொது நூலக வரலாறு' இன்று மாலை அச்சேறுகிறது. அதில் ஒரு பந்தி. "காவலாளி அழகுமுத்து திறந்துவிட்ட கதவு வழியாகவே காடையர்கள் உள்ளே நுழைந்தனர். பக்கத்துக் கடையில் இருந்த தையற்காரர் மாயாண்டி அந்தத் தீயில் உயிரிழந்தார்."

"டவுன்ல நாப்பது வருசமா இதத்தான் பேசுறாங்க, அதுக்கு காதப் பொத்திக்கிட்டேன்" என்று நேற்று நாகலெட்சுமி சொல்லியிருந்தாள். "இப்ப அச்சடிச்சு ராக்கையில வச்சா, அந்தப் புத்தகத்த தெனமும் நான்தாங்க தூசி தட்டணும்."

எரிந்த அன்று நூலகத்தின் பூட்டு உடைக்கப்படவில்லை. சாவியோடு திறந்து தொங்கியது. சாவி இருந்தது இரண்டு பேரிடம். ஒன்று தலைவர் சிவசாமி. மற்றது அழகுமுத்து. தலைவர் மண்டபத்துக்குப் பேராகிவிட்டார், காவலாளி பழிக்குப் பேராகிவிட்டார். இதில் எது நியாயம் என்று கேட்கக்கூட அச்சகம் இன்று மாலை வரைதான் நேரம் கொடுத்திருந்தது. காலையில் பிரதாப்பிடம் பேசியபோது, "ஆதாரம் கொண்டாந்தா அந்த வரிய எடுத்துர்றேன்" என்று பெருந்தன்மையாகச் சொல்லியிருந்தார். ஆதாரம் கிடைக்காது என்று தெரிந்தவர்கள் எல்லோருமே பெருந்தன்மையானவர்கள்தான்.

"பிரதாப் சேர், டீப்பெட்டி சதுரந்தானே?" என்றாள் ஜீவராணி.

"ஆமா. பலகப்பெட்டி."

"ஒங்க அப்பா நல்லா இறுக்கமா அடுக்கினாரா?"

"அப்பா எதையும் ஒழுங்காத்தான் செய்வாரு."

"அப்புறம் ஏன் எல்லாப் புத்தகமும் வளைஞ்சிருக்கு?"

"நாப்பது வருசம் மிஸ். நானே வளைஞ்சு போயிட்டேன்."

"நீங்க எலக்சனுக்கு எலக்சன் வளையிறீங்க. அது வேற வியாதி" என்றான் கிஷாந்த்.

ஜீவராணி நாகலெட்சுமியைப் பார்த்தாள். அவள் வந்து அலுமாரியைத் திறந்துவிட்டாள். ஜீவராணி ஒரு புத்தகத்தை எடுத்தாள், பிறகு இன்னொன்று, பிறகு இன்னொன்று. நாட்டு வைத்தியம், கணக்கு, நாடகம், பிள்ளைகளுக்கான கதை. விஷயத்தில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை. உருவத்தில் எல்லாம் அக்கா தங்கச்சி. எல்லாம் மெல்லிசு. எல்லாம் கைக்கு அடக்கம். எல்லாம் ஒரே அளவுக்கு, ஒரே மாதிரி, குழிவாக வளைந்திருந்தன. அட்டையின் குறுக்கே, நடுவில், விரலால் தடவினால் தட்டுப்படும் ஒரு பள்ளக்கோடு. மேல் ஓரத்தில் பழுப்பும் கறுப்புமாகக் கறை.

"பழைய லைப்ரரியில பெரிய புத்தகமே இல்லையா?"

"ஏன் இல்ல? கலைக்களஞ்சியம், அகராதி, சட்டப் புத்தகமெல்லாம் இருந்துச்சு. தூக்கவே ரெண்டு கை வேணும்" என்றார் பிரதாப். "எல்லாம் எரிஞ்சு போச்சு."

"லொறி வச்சிருந்தவரு கனமான புத்தகத்த விட்டுட்டு கதப் புத்தகத்த ஏத்தியிருக்காரு."

பிரதாப்பின் முகத்தில் முதன்முறையாக ஒரு சின்னத் தடங்கல் தெரிந்தது. ஜீவராணி வைத்தியப் புத்தகத்தைக் கைப்பைக்குள் வைத்தாள்.

"இத நான் இரவல் எடுத்துக்கிட்டுப் போறேன். லைப்ரரிதானே."

லொறியைக் கண்ணால் பார்த்தவர்கள் யாராவது இருப்பார்களா என்று தேடி, நூலகத்துக்கு மேலே இருந்த தோட்டத்தின் மேல்பிரிவுக்கு ஓட்டோ கிளம்பியபோது மழை தூறத் தொடங்கியிருந்தது. நாகலெட்சுமி ஜீவராணிக்குப் பக்கத்தில் ஓரமாக உட்கார்ந்திருந்தாள், தன் சொந்த வழக்கிலேயே விருந்தாளி போல.

"எனக்கு விசயம் புரிஞ்சுருச்சு" என்றான் கிஷாந்த், கண்ணாடியில் பார்த்தபடி. "சிவசாமி ஐயா புத்தகத்து மேல ஏறி ஒக்காந்துட்டாரு. ஆள் கொஞ்சம் பருமன்னு கேள்வி."

"ஒக்காந்தா நசுங்கும். வளையாது."

"அப்ப ஏதாவது உருண்டையான சாமான்ல சுத்திக் கட்டியிருக்காங்க. மரம், குழாய், தண்ணி ட்ரம்."

ஜீவராணி கைப்பையிலிருந்து வைத்தியப் புத்தகத்தை எடுத்தாள். புத்தகத்தின் பள்ளக்கோட்டில் கட்டைவிரலை வைத்து இழுத்துக்கொண்டே இருந்தாள். இந்தக் கோட்டை அவளுக்குத் தெரியும். புத்தகத்தில் பார்த்ததில்லை, உடம்பில் பார்த்திருக்கிறாள். அம்மா தேயிலை மலையிலிருந்து வந்து படங்கை அவிழ்த்துப் போட்டதும் இடுப்பைச் சுற்றி ஒரு கோடு இருக்கும். கொழுந்து பறிக்கிற பெண்கள், செடி குத்தாமலும் மழை நனைக்காமலும் இருக்க, இடுப்பில் சாக்கைச் சுற்றிக் கயிற்றால் இறுக்கிக் கட்டுவார்கள். அதற்குப் பெயர் படங்கு. வேலையை விட்டு ஐந்து வருடமாகியும் அம்மாவின் இடுப்பில் அந்தக் கோடு போகவில்லை.

"கிஷாந்த், நிப்பாட்டு."

"வாந்தி வருதா?"

"சட்டைய மேல தூக்கு."

கிஷாந்த் ஓட்டோவை ஓரம்கட்டிவிட்டுத் திரும்பி நாகலெட்சுமியைப் பரிதாபமாகப் பார்த்தான். "அக்கா, நீங்க சாட்சி."

அவன் சீட்டுக்கு அடியில் வைத்திருந்த மாத நாவல் ஒன்றை ஜீவராணி இழுத்தெடுத்தாள். அதை அவன் இடுப்பில் வைத்து, மேலே ஒரு சாக்கைச் சுற்றி, ஓட்டோ இழுக்கிற நைலோன் கயிற்றால் இறுக்கிக் கட்டினாள். மேல்பிரிவுக்குப் போகிற ரோட்டை ரோடு என்று சொல்வது மரியாதைக்காக. குழிக்குக் குழி கிஷாந்த் முனகினான். வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகிற பழைய கிறச்சுக் கட்டடத்துக்குக் கிட்ட வந்ததும் கயிற்றைத் தளர்த்தி உள்ளே இருந்ததை உருவினாள். நாவல் குழிவாக வளைந்திருந்தது. அட்டையின் குறுக்கே ஒரு கோடு.

"கொலைகாரன் யாருன்னு இன்னும் படிக்கல. அதுக்குள்ள புத்தகத்தக் கொன்னுட்டீங்க" என்றான் கிஷாந்த்.

"பெரிய புத்தகம் இடுப்புல நிக்காது. அதான் எல்லாம் சின்னது. கறை கொழுந்துச் சாறு. பறிக்கிற விரல்ல ஏறுனா சவர்க்காரத்துக்கே போகாது. அந்த விரலாலதான் இத உருவி எடுத்திருக்காங்க." ஜீவராணி நாகலெட்சுமியின் பக்கம் திரும்பினாள். "அக்கா, லொறி இல்ல. பொம்பளைங்க. வேலை முடிஞ்சு லயத்துக்குப் போறப்ப, படங்குக்குள்ள வச்சு, ஒவ்வொண்ணா கடத்தியிருக்காங்க. பெட்டியில போன புத்தகம் இப்படி வளையாது."

நாகலெட்சுமி புத்தகத்தைத் தொடாமல் பார்த்தாள். "அப்ப அவங்களுக்குக் கதவத் தொறந்தது?"

"சாவி வச்சிருந்த ரெண்டு பேர்ல ஒருத்தரு. சிவசாமி பொம்பளைங்கள உள்ள விட்டிருந்தா லொறிக் கதை எதுக்கு? அவங்க பேரச் சொல்லியே பேர் வாங்கியிருப்பாரு. ஒங்க அப்பாதான். புத்தகத்தக் காப்பாத்த ஆள் கூட்டுன மனுசன், எரிக்க வந்தவனுக்குத் தொறந்து குடுப்பாரா?"

நாகலெட்சுமியின் முகத்தில் ஏதோ ஒன்று தளர்ந்தது. பல வருடமாக இறுக்கிப் பிடித்திருந்த எதையோ அவள் ஒரு விரல் அளவுக்கு விட்டாள். ஜீவராணிக்கு அது பிடித்திருந்தது. பிறகு அதை நினைத்து அவள் தன்னைத்தானே திட்டிக்கொள்ள வேண்டியிருந்தது.

"லைப்ரரிக்கு மேல இருக்கிற மலையில அப்ப கொழுந்து எடுத்தவங்க யாராவது இருக்காங்களா?"

"வேலாயி அக்கா ஒருத்தங்கதான். மேல்பிரிவு பழைய லயத்துல இருக்காங்க." நாகலெட்சுமி கொஞ்சம் தயங்கினாள். "ஆனா எங்ககூடப் பேச மாட்டாங்க. போன வருசம் அப்பா செத்தப்ப வந்தாங்க. காலத் தொட்டுக் கும்பிட்டுட்டு, எங்க யார்கிட்டயும் ஒரு வார்த்த பேசாம போயிட்டாங்க."

"நீங்க ஓட்டோவுலயே இருங்க. நான் கூப்பிடுறப்ப வாங்க."

வேலாயி லயத்துத் தண்ணீர்ப் பீலியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். எழுபதைத் தாண்டிய உடம்பு, ஆனால் குனிந்து நிமிர்வதில் வயது தெரியவில்லை. வந்தவர்களை ஏறிட்டுப் பார்த்துவிட்டு மறுபடி சட்டிக்குத் திரும்பினாள்.

"லைப்ரரி விசயமா ஒண்ணு கேக்கணும்" என்றாள் ஜீவராணி.

"எனக்குப் படிக்கத் தெரியாது."

"எண்பத்துமூணுல எரிஞ்ச லைப்ரரி."

"எரிஞ்சதுல கேக்க என்னா இருக்கு? சாம்பல்தான் இருக்கும்."

"ஒரு வேளை ஒங்க கூடச் சேர்ந்தவங்க யாராவது..."

"எல்லாம் செத்துருச்சு. போங்க, மழ வருது."

அவள் வாய்க் கதவு சாத்திக்கொண்டது. தட்டினால் திறக்காது. இப்படிப்பட்ட கதவை உள்ளே இருப்பவரே உடைத்துக்கொண்டு வரும்படிதான் செய்ய வேண்டும். ஜீவராணி குரலை மாற்றிக்கொண்டாள். ஹட்டன் அலுவலகங்களில் தன்னிடம் பேசுவார்களே, அதே குரல்.

"சரி, நீங்க சொல்லலேன்னா டவுன்ல சொன்னதத்தான் எழுதணும். கலவரம் வரப்போகுதுன்னு தெரிஞ்சு நீங்க எல்லாம் லைப்ரரிப் புத்தகத்தத் திருடி, கூடையில கொழுந்துக்கு அடியில போட்டு, மடுவத்துத் தராசுல அதையும் சேத்து நெறுத்து, கூட அஞ்சு ராத்தலுக்குக் காசு வாங்குனீங்களாம்."

சட்டி பீலிக்கல்லில் மோதி நின்றது.

"எந்த நாயி சொன்னது?"

"பேச்சு அடிபடுது."

"தராசுல நாங்க ஏமாந்தோம்டி. ஏமாத்துனதில்ல. மழத்தண்ணிக்குன்னு கழிப்பான், கூடைக்குன்னு கழிப்பான், அவன் வீட்டுப் பூனைக்குன்னு கழிப்பான், வாயத் தொறந்தது கெடையாது. புத்தகத்த நெறுத்துக் காசு வாங்குனோமாம். கூடையில வைக்கவே இல்லடி நாங்க. கொழுந்த நெறுத்துக் கொட்டிட்டு, கை கழுவாமகூட ஓடிவந்து, இடுப்புல..."

அவள் வாயை மூடிக்கொண்டாள்.

கிஷாந்த் சட்டையை மேலே தூக்கினான். இடுப்பில் சாக்கு இன்னும் சுற்றியபடி இருந்தது. "இப்படித்தானேக்கா?"

வேலாயி அவனை மேலும் கீழும் பார்த்தாள். சிரிக்கக்கூடாது என்று முடிவு செய்திருந்தவள், தோற்றுப்போனாள். "படங்கு கட்டியிருக்கான் பாரு, ஆட்டுக்குத் தொப்பி போட்ட மாதிரி. முடிச்சு முன்னுக்கு வரணும்டா. பின்னுக்குப் போட்டா கூடை மாட்டுறது எங்க?"

"மன்னிச்சுக்கங்கக்கா" என்றாள் ஜீவராணி. "ஒங்களத் திருடின்னு யாரும் சொல்லல. கதையையும் படங்கையும் நான்தான் கட்டுனேன்."

"அது அப்பவே தெரியணும் எனக்கு. ஒனக்கு வாய்தான் டவுனு. கை லயத்துக் கை." வேலாயி முந்தானையில் கையைத் துடைத்தாள். "எந்தத் தோட்டம் நீ?"

அதே கேள்விதான். ஆனால் இந்த முறை ஜீவராணிக்குக் கோபம் வரவில்லை. சொன்னாள். பிறகு வேலாயி படியில் உட்கார்ந்தாள், பேசினாள்.

கொழும்பிலிருந்து சேதி வந்த அன்று அழகுமுத்து மலைக்கே வந்துவிட்டாராம். ஆண்களை ரோட்டில் மறிக்கிறார்கள், பையைச் சோதிக்கிறார்கள், தமிழ் எழுத்தைக் கண்டால் அடிக்கிறார்கள் என்றாராம். "கொழுந்துப் பொம்பளைய எவன் பாப்பான்? பாத்தாலும் பாத்ததா நெனைக்க மாட்டான். அதுனால எங்களக் கேட்டாரு. பின்கதவு வழியா உள்ள விட்டாரு. ஆளுக்கு ரெண்டு, மூணு, இடுப்புல நின்ன மட்டும். எந்தப் புத்தகம்னு யாரு பாத்தா? எங்கள்ல எழுத்து தெரிஞ்சது யாரு? கூரைக்குக் கீழ அட்டல்ல வெறகுக்கு அடியில வச்சோம். ரெண்டு மூணு நாள் அப்படித்தான் போச்சு. பெறகு எல்லாம் அடங்குன பெறகு, சிவசாமி லொறியில வந்து அள்ளிக்கிட்டுப் போனாரு. பெட்டியும் கொண்டாந்தாரு. போட்டோக்காரனையும் கொண்டாந்தாரு."

"அப்ப லொறி வந்தது நெசந்தான்" என்றான் கிஷாந்த். "தீ அணைஞ்ச பெறகு வந்த தீயணைப்பு வண்டி."

"நீங்க ஏன் இத யார்கிட்டயும் சொல்லல?"

"யாரு கேட்டா? லைப்ரரி கட்டுனப்ப கேட்டாங்களா? பத்து வருசம், இருவது வருசம்னு விழா எடுத்தப்ப கேட்டாங்களா? மேடையில சிவசாமி. கீழ நாங்க. டீயும் பணிஸும் குடுத்தாங்க, தின்னுட்டு வந்தோம்."

ஜீவராணிக்குள் ஏதோ சூடாக ஏறியது. இந்தக் கோபம் அவளுக்குப் பழக்கம். ஆனால் இன்று அதை வைத்து ஒன்று செய்யலாம். அவள் எழுந்து ஓட்டோவைப் பார்த்துக் கையசைத்தாள். நாகலெட்சுமி குடையில்லாமல் நனைந்துகொண்டே வந்தாள்.

"வேலாயி அக்கா, இவங்ககிட்ட நீங்களே சொல்லுங்க. அழகுமுத்து கதவத் தொறந்தது ஒங்களுக்காக. காடையனுங்களுக்காக இல்ல. நாப்பது வருசமா இவங்க கேட்டுக்கிட்டிருக்கிறது பொய்."

நாகலெட்சுமியைப் பார்த்ததும் வேலாயியின் முகம் மாறியது. படியிலிருந்து எழுந்து நின்றாள். கொஞ்ச நேரம் அவள் கண்கள் நாகலெட்சுமியின் நனைந்த காலிலேயே இருந்தன.

"பொய் இல்ல" என்றாள்.

"என்னாக்கா?"

"அந்தக் காடையனுங்களுக்கும் அழகுமுத்து அண்ணன்தான் தொறந்து குடுத்தாரு. நான் பாத்தேன். மேல மலையில நின்னு எல்லாரும் பாத்தோம்."

கிஷாந்த் இடுப்புச் சாக்கை அவிழ்த்துக் கீழே வைத்தான்.

"அன்னிக்கு வேற ஒரு லொறி வந்து முச்சந்தியில நின்னுச்சு. வெளியூர்க்காரனுங்க. கையில மண்ணெண்ண டின். லயத்துக்கு எந்தப் பாதைன்னு கேக்குறானுங்க. பேசுனத எல்லாம் அண்ணனே பெறகு சொன்னாரு, அவருக்கு சிங்களம் நல்லா வரும். லயத்துல ஆளே இல்ல மாத்தையா, எல்லாம் காட்டுக்கு ஓடிருச்சு, தமிழாளுங்களோட சொத்துன்னா இங்க இருக்குன்னு லைப்ரரியக் காட்டுனாரு. அவனுங்க கதவ ஒடைக்கப் போனானுங்க. கதவு ஒடையலேன்னா லயத்துக்குத் திரும்பிருவானுங்கன்னு அண்ணன் சாவிய நீட்டுனாரு." வேலாயி நிறுத்தி மூச்சு வாங்கினாள். "லயத்துல புள்ளைங்க இருந்துச்சு. பெத்து மூணு நாள் ஆனவ இருந்தா. டின்னுல இருந்தது எல்லாம் லைப்ரரியோட தீந்து போச்சு. மழையும் கட்டிப்புடிச்சு அடிச்சுது. திரும்பிப் போயிட்டானுங்க."

நாகலெட்சுமி லயத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். "அப்ப மாயாண்டி மாமா?"

"மாயாண்டி பயந்துக்கிட்டு, கடைக்கு வெளிய பூட்டப் போடச் சொல்லிட்டு உள்ள படுத்திருந்தான். கடை பூட்டியிருந்தா யாரும் வர மாட்டாங்கன்னு. அது அண்ணனுக்குத் தெரியாது. எங்க யாருக்கும் தெரியாது. லைப்ரரித் தீ பலகச் சுவர் வழியா அங்க ஏறுச்சு. மறுநாள்தான் தெரிஞ்சுது." வேலாயி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "நாங்க அண்ணன்கிட்ட போயி, ஏன் தொறந்தீங்கன்னு ஊருக்குச் சொல்றோம்னு சொன்னோம். வேணாம்னுட்டாரு. அப்படிச் சொன்னா, மாயாண்டி உசுரக் குடுத்து ஒங்க உசுர வாங்குன கணக்கா ஆயிரும்னாரு. அவன் பொஞ்சாதி மொகத்துல நான் எப்படி முழிப்பேன், சும்மா தொறந்தேன்னே இருக்கட்டும்னாரு. எங்க தலையில கை வைக்கச் சொல்லி சத்தியம் வாங்கிட்டாரு. ஒன்ன பாக்குறப்ப எல்லாம் சொல்லு வாய் வரைக்கும் வரும். அதுனாலதான் பேசுறதில்ல."

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல" என்றாள் நாகலெட்சுமி. யாரிடம் சொல்கிறாள் என்று தெரியவில்லை. பிறகு மெல்லச் சொன்னாள். "சொன்னாரு. பத்தாம் வகுப்புல ஒருத்தி என்னைய கொலகாரன் மகள்னு சொன்னப்ப வீட்டுக்கு வந்து கேட்டேன். ஆமா, நான்தான் தொறந்தேன்னாரு. ஊருப் பேச்சு தாங்காம வெறுப்புல சொல்றாருன்னு நெனச்சேன். பெறகு கேக்கவே இல்ல."

ஜீவராணி தள்ளிப் போய் தகரக் கூரைக்குக் கீழே நின்றாள். காலையிலிருந்து அடுக்கிவந்த ஒவ்வொன்றும் சரியாகத்தான் இருந்தது. கடைசிக் கல்லை மட்டும் அவள் விருப்பத்துக்கு வைத்திருந்தாள். மாப்பிள்ளை விசாரணையில் பெண் வீட்டார் செய்கிற அதே தப்பு.

ஆனாலும் ஒரு வழி இருந்தது. அது அவளுக்கு உடனே தெரிந்தது, தெரிந்ததில் வெட்கமும் வந்தது.

"அக்கா, கேளுங்க" என்றாள் நாகலெட்சுமியிடம், குரலைத் தாழ்த்தி. "பிரதாப் கேட்டது ஆதாரம். எங்கிட்ட வளைஞ்ச புத்தகம் இருக்கு. லொறிக் கதைய ஒடைக்க அது போதும். ஒங்க அப்பா புத்தகத்தக் காப்பாத்துனவருன்னு நிரூபிச்சுட்டு, சாவி எப்படிப் போச்சுன்னு தெரியலேன்னு விட்டா, அந்த வரிய எடுத்துத்தான் ஆகணும். வேலாயி அக்கா வாயத் தொறக்கப் போறதில்ல. நானும் இவனும் இங்க வரவே இல்ல."

"நான் வந்தது வாடகைக்கு" என்றான் கிஷாந்த். "வாடகைக்கு வர்றவனுக்குக் காது கெடையாது."

நாகலெட்சுமி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கண்ணைத் துடைக்கவில்லை. மழையில் அதற்கு அவசியமும் இருக்கவில்லை.

"மாயாண்டி மாமா பேத்தி லைப்ரரிக்கு வாரா மிஸ். ஏ.எல் படிக்கிறா. நான்தான் புத்தகம் எடுத்துக் குடுக்குறேன். இதுவரைக்கும் எனக்குத் தெரியாதுன்னு அவ மொகத்தப் பாத்தேன். இனி எப்படிப் பாக்குறது?"

"தெரிஞ்சா அந்தப் புள்ள ஒங்களத் திரும்பிப் பாக்காம போகலாம்."

"போகலாம்" என்றாள் நாகலெட்சுமி. "போன குடுங்க."

ஜீவராணி பிரதாப்பின் எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டுக் கொடுத்தாள்.

"என்ன மிஸ், ஆதாரம் கெடைச்சுதா? பிரஸ்ல ஆள் நிக்குது."

"நாகலெட்சுமி பேசுறேன் சேர். அப்பா கதவத் தொறந்தது உண்மதான். அந்த வரிய எடுக்க வேணாம்."

மறுமுனையில் நிம்மதியான மூச்சு ஒன்று கேட்டது. "அதத்தான் நான் அப்பவே சொன்னேன். மனச விட்டுறாதீங்க. நடந்தது நடந்து போச்சு."

"லொறி வரியத்தான் மாத்தணும். புத்தகத்தக் கொண்டுபோனது மேல்பிரிவு பொம்பளைங்க. லொறி பெறகுதான் வந்துச்சு."

"அதெல்லாம் இப்ப மாத்த முடியாதும்மா. அப்பா பேருல மண்டபம்..."

ஜீவராணி போனுக்குக் குனிந்தாள். "சேர், ஞாயித்துக்கிழமை நான் முன்வரிசையில ஒக்காருவேன். பெட்டியில வந்த புத்தகம் ஏன் பொம்பள இடுப்பு மாதிரி வளைஞ்சிருக்குன்னு மைக்கப் புடிச்சுக் கேப்பேன். வேலாயி அக்காவும் வருவாங்க. டீ பணிஸுக்கு இல்ல."

"படங்கு கட்டியே வாரேன்" என்றாள் வேலாயி பின்னாலிருந்து. "பழசு ஒண்ணு கெடக்கு."

பிரதாப்பின் குரல் திரும்பி வந்தபோது அதில் மண்டபம் கொஞ்சம் இடிந்திருந்தது. "எத்தன வரி?"

"லொறிக்குப் பதிலா ஒண்ணு. அப்பா வரிக்குப் பெறகு ரெண்டு." நாகலெட்சுமி வேலாயியைப் பார்த்தாள். "அக்கா, ஒங்க சத்தியத்த நான் ஒடைக்கிறேன். ஒங்க பேரப் போடலாமா?"

"போடு. செத்ததுங்க பேரையும் சொல்றேன், அதையும் போடு."

பெயர்களை வேலாயி சொன்னாள், நாகலெட்சுமி திருப்பிச் சொன்னாள், பிரதாப் எழுதினார். ஒவ்வொரு பெயருக்கும் பேனா நின்று நின்று போவது போனிலேயே தெரிந்தது. அவர் கடைசிப் பெயரை முடித்துவிட்டு, "அடுத்தது?" என்றார்.

"அப்பா வரிக்குப் பெறகு இது. 'லயத்தில் இருந்தவர்களைக் காப்பாற்றவே அவர் கதவைத் திறந்தார்.'"

"ம். அடுத்தது?"

நாகலெட்சுமி போனை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனாள். தூசித் துணி இன்னும் இடது கையில்தான் இருந்தது. அவள் அவசரப்படவில்லை.

"'அந்தக் கதவைத் திறந்ததால் மாயாண்டி இறந்தார்.'"

"இது ஒங்க அப்பாவுக்கு நல்லா இருக்காதும்மா" என்றார் பிரதாப், முதன்முறையாக உண்மையான அக்கறையோடு. "நான் எழுதியிருந்ததுல ரெண்டும் தனித்தனியாதான் இருந்துச்சு. நீங்க சேத்து விடுறீங்க."

"சேந்துதான் இருந்துச்சு சேர். எழுதுங்க."